மெய்க்கீர்த்தியும் கட்டளையும்

சோழர் காலத்துக் கல்வெட்டு ஒன்றை முதலிலிருந்து கடைசி வரை படித்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். முதலில் மெய்க்கீர்த்தி வரும். அரசன் வென்ற நாடுகள், பிடித்த யானைகள், அவனுடைய குடை நிழல், அந்த நிழலில் உலகமெல்லாம் குளிர்ந்து கிடந்த பெருமை, எல்லாம் மூச்சு விடாமல் நீண்டு ஓடும். அதற்குப் பிறகுதான் விஷயம். இன்ன ஊரில் இவ்வளவு நிலம், இன்ன வேலை செய்கிறவனுக்கு இவ்வளவு கலம் நெல் என்று கணக்கு வரும். சரித்திர ஆசிரியர்கள் இரண்டையும் சமமாகப் படிப்பார்கள். அந்தக் காலத்து ஊர்ச் சபையார் இரண்டாவது பகுதியைத்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருப்பார்கள். மெய்க்கீர்த்தியைக் காட்டி யாரும் நெல் கேட்க முடியாது. கட்டளையைக் காட்டிக் கேட்கலாம்.

நம்முடைய அரசியல் சட்டத்துக்கும் முன்னால் ஒரு முகவுரை இருக்கிறது. குடிமக்கள் எல்லோருக்கும் சமூக நீதி, பொருளாதார நீதி, அரசியல் நீதி கிடைக்க வேண்டும். அந்தஸ்திலும் வாய்ப்பிலும் சமத்துவம் வேண்டும். ஒவ்வொருவருடைய கண்ணியமும் காக்கப்பட வேண்டும். இவற்றுக்காகத்தான் இந்தச் சட்டம் என்று அது சொல்லுகிறது. பள்ளிக்கூடத்துக் குழந்தைகள் அதை மனப்பாடம் செய்கிறார்கள். இது மெய்க்கீர்த்தியா, கட்டளையா? இந்த வாசகத்தைக் காட்டி, "என் குழந்தைக்கு வைத்தியம் வேண்டும்; அதைக் கொடுப்பது உன் கடமை" என்று ஒரு குடிமகன் அரசாங்கத்தைக் கேட்க முடியுமா?

வக்கீல்கள் பேசித் தீர்க்கவேண்டிய சமாசாரம் என்று நேயர்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். நானும் சட்டம் படித்தவன் அல்லன், கதை எழுதுகிறவன். கதை எழுதுகிறவனுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பெரிய வார்த்தை காதில் விழுந்தாலும், அது எந்த வீட்டுத் திண்ணை வரைக்கும் போய்ச் சேரும் என்று பார்க்கத் தோன்றும். இந்த வார்த்தையை ஜவ்வாது மலை வரைக்கும் கொண்டுபோய்ப் பார்க்கலாம்.

மலைக்குப் போகும் முன்னால், அங்கிருந்து இறங்கி வரும் ஓர் ஆற்றோடு கொஞ்சம் கீழே போய் வருவோம். செய்யாறு ஜவ்வாது மலையில் பிறக்கிறது. காஞ்சிபுரத்துக்குத் தெற்கே திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கிறது. வேகவதியும் அங்கேதான் வந்து சேருகிறது. அதனால்தான் ஊருக்கு அந்தப் பெயர். அந்த ஊர்ப் பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 11-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. மெய்க்கீர்த்தி ஓய்ந்த பிறகு அதில் ஓர் ஆதுலர் சாலையின் கணக்கு வருகிறது. 15 படுக்கைகள், ஒரு வைத்தியர், அறுத்து வைத்தியம் செய்கிறவர் ஒருவர், மூலிகை கொண்டுவர ஆட்கள், நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளப் பெண்கள், ஒரு நாவிதர். சேர்த்து வைத்திருக்க வேண்டிய மருந்துகளுக்குப் பெயர்ப் பட்டியல் வேறு.

படிக்கும்போது நெஞ்சு நிமிரத்தான் செய்கிறது. ஆனால் அந்தப் படுக்கைகள் யாருக்கு? கோயிலைச் சேர்ந்த கல்விச்சாலை மாணவர்களுக்கும் கோயில் ஊழியர்களுக்கும். ஆறு பிறந்த மலையிலிருந்து ஒருவன் காய்ச்சலோடு இறங்கி வந்து, "எனக்கும் ஒரு படுக்கை" என்று உரிமையோடு கேட்க அந்தக் கல்வெட்டில் இடமில்லை. கொடுத்தது அரசனின் தர்மம். தர்மத்தைக் கையேந்திப் பெறலாம். கணக்குக் கேட்டுப் பெற முடியாது. குடியரசு வந்தபோது மாறியதாகச் சொல்லப்பட்டது இந்த ஒன்றுதான்.

இனி மலைக்கு ஏறலாம். ஒரு காலத்தில் ஜவ்வாது மலை வட ஆற்காடு ஜில்லாவுக்குச் சொந்தம். இன்றைக்குத் திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டங்கள் அதைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. அங்கே வாழ்கிறவர்களில் பெரும்பாலோர் மலையாளிகள் என்ற பழங்குடியினர். கேரளத்துக்காரர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. பேசுவது தமிழ், விளைவிப்பது சாமை. தங்கள் மூதாதையர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று ஒரு பழங்கதையும் வைத்திருக்கிறார்கள்.

இதே மலையில் காவலூர் இருக்கிறது. வான ஆராய்ச்சிக்கூடம் அமைந்த ஊர். யுரேனஸ் கிரகத்தைச் சுற்றி வளையங்கள் இருப்பது 1977-ல் உலகத்துக்குத் தெரிந்தபோது, அதைக் கவனித்தவர்களில் காவலூரில் இருந்தவர்களும் உண்டு. 1986-ல் அங்கே 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கியை அர்ப்பணம் செய்தார்கள். அவ்வளவு பெரிய கண்ணாடியை ஒரு கீறல் விழாமல் மேலே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டுமென்றால் நல்ல பாதை வேண்டும். பாதை போட முடிந்தது. போடவேண்டும் என்று நினைத்தால் போட முடியும் என்பதற்கு மலையிலேயே சாட்சி இருக்கிறது.

வேறொரு பக்கத்துக் குக்கிராமத்தில் ஒரு கிழவரோடு பேசிக்கொண்டிருந்தேன். "பெரியவரே, இங்கிருந்து கீழே ரோட்டுக்கு எவ்வளவு தூரம் இருக்கும்?" என்று கேட்டேன். அவர் சற்று யோசித்து, "சும்மா போறதுக்கா சாமி, ஆளைத் தூக்கிக்கிட்டுப் போறதுக்கா?" என்று திருப்பிக் கேட்டார். எனக்கு விளங்கவில்லை. பிறகு அவரே சொன்னார். போர்வையில் தூளி மாதிரி டோலி கட்டி, மூங்கிலில் கோத்து, நோயாளியைச் சுமந்து இறக்குவார்களாம். இரண்டு பேர் தூக்கினால் கொஞ்ச தூரத்தில் தோள் மாற்ற வேண்டும். "எட்டு ஆள் இருந்தா இறக்கிடலாம் சாமி. மழைன்னா பன்னெண்டு ஆள் வேணும்." அந்த ஊரில் தூரத்துக்கு அளவை மைல் அல்ல, ஆள்.

2023 மே மாதக் கடைசியில் வேலூர் மாவட்டம் அணைக்கட்டுக்கு மேலே உள்ள அல்லேரி மலையில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை ஒன்றைப் பாம்பு கடித்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் குழந்தை இறந்துவிட்டது. திரும்பி வரும்போது ஆம்புலன்ஸ் பாதை இருந்த வரையில்தான் வந்தது. மீதித் தூரத்தைத் தாய் குழந்தையின் உடலைச் சுமந்துகொண்டு நடந்தாள். பத்திரிகைகளில் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

பாம்பு விஷத்துக்கு மாற்று மருந்து இல்லாத நாடு அல்ல இது. அந்த மருந்துக்கு வேண்டிய விஷத்தை எடுத்துக் கொடுக்கும் கூட்டுறவுச் சங்கம் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருக்கிறது, 1978-ல் ஏற்பட்டது, நடத்துகிறவர்கள் இருளர்கள், அவர்களும் பழங்குடியினர்தான். அரசாங்க ஆஸ்பத்திரியில் அந்த மருந்து இலவசம். மருந்து இருக்கிறது, டாக்டர் இருக்கிறார், விலையும் இல்லை. நடுவில் ஒரு மலை இருக்கிறது. அப்படியானால் கடமை எங்கே தவறியது? தவறியது என்றுதான் சொல்லலாமா? இதற்கு விடை தேட, அந்தக் கடமையை எழுதி வைத்தவர்களிடம் போகவேண்டும்.

1946-ஆம் வருஷம் இரண்டு காகிதங்கள் பிறந்தன. ஒன்று, ஸர் ஜோசப் போர் தலைமையில் 1943-ல் அமைந்த சுகாதாரக் கமிட்டியின் அறிக்கை. நம்முடைய டாக்டர் ஆ. லட்சுமணசாமி முதலியாரும் அந்தக் கமிட்டியில் ஓர் அங்கத்தினர். பணம் கொடுக்க முடியாத காரணத்தால் எவனுக்கும் வைத்தியம் இல்லை என்று ஆகக்கூடாது. வைத்திய வசதி மக்களுக்கு எவ்வளவு அருகில் இருக்க முடியுமோ அவ்வளவு அருகில் இருக்க வேண்டும். இவை இரண்டும் அதன் அஸ்திவாரம். முதல் கட்டமாக 40,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்று திட்டம் போட்டார்கள்.

இரண்டாவது காகிதம், அந்த வருஷம் டிசம்பர் 13-ந் தேதி அரசியல் நிர்ணய சபையில் நேரு கொண்டுவந்த குறிக்கோள் தீர்மானம். பிற்பாடு முகவுரையாக உருக்கொண்டது அதுதான். பழங்குடியினருக்குப் பாதுகாப்பு என்ற வார்த்தையும் அதில் இருந்தது. டிசம்பர் 19-ந் தேதி ஜெய்பால் சிங் எழுந்தார். சோட்டா நாகபுரியின் முண்டா இனத்தவர், ஆக்ஸ்போர்டில் படித்தவர், 1928 ஒலிம்பிக்ஸில் இந்திய ஹாக்கிக் குழுவின் தலைவர். தம் மக்கள் ஆயிரக்கணக்கான வருஷங்களாகச் சுரண்டப்பட்டும் ஒதுக்கப்பட்டும் வந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, ஆனாலும் உங்கள் எல்லோருடைய வாக்கையும் நம்புகிறேன், இனிமேல் யாரும் கவனிப்பாரற்று விடப்பட மாட்டார்கள் என்று நம்புகிறேன் என்றார். இதை மெய்க்கீர்த்தியைக் கேட்டுத் தலையாட்டிய பேச்சு என்று எடுத்துக்கொள்ள முடியாது. கடன் பத்திரத்தில் சாட்சி வைத்த மாதிரி இருக்கிறது.

சட்டத்தை எழுதும்போது அந்தக் கடன் இரண்டாகப் பிரிந்தது. கோர்ட்டில் கேட்டு வாங்கக் கூடியவை அடிப்படை உரிமைகள். கோர்ட்டில் கேட்க முடியாதவை, அயர்லாந்துச் சட்டத்தைப் பார்த்து எழுதிய வழிகாட்டும் கொள்கைகள். வைத்தியம் இரண்டாவது பெட்டிக்குள் போய்விட்டது. மக்களின் ஊட்டத்தையும் சுகாதாரத்தையும் உயர்த்துவது அரசின் முதன்மையான கடமைகளில் ஒன்று என்கிறது 47-வது ஷரத்து. எந்தக் கோர்ட்டும் இதை அமல் செய்ய முடியாது, ஆனாலும் ஆட்சிக்கு இவையே அடிப்படை என்கிறது 37-வது ஷரத்து. அதே 47-வது ஷரத்தின் பின்பாதி மதுவிலக்கைச் சொல்லுகிறது. தமிழ்நாட்டில் 2003 முதல் சாராயக் கடையை யார் நடத்துகிறார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், கோர்ட்டு கேட்காத கடமையின் கதி சட்டென்று விளங்கிவிடும்.

அன்றைக்கே இதைச் சொன்னவர்கள் இருந்தார்கள். கே. டி. ஷா, பாங்கிக்கு வசதிப்பட்டபோது பணம் கொடுக்கும் செக்கு மாதிரி இருக்கிறது என்றார். நம்மூர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி, கண்ட உணர்ச்சிகளையும் கொட்டி வைக்கும் குப்பைத் தொட்டி என்றே சொல்லிவிட்டார். அம்பேத்கர் 1948 நவம்பர் 4-ந் தேதி பதில் சொல்லியிருந்தார்: அதிகாரத்துக்கு வருகிறவன் இந்தக் கட்டளைகளை மதித்துத்தான் ஆகவேண்டும், மீறினால் கோர்ட்டில் பதில் சொல்ல வேண்டியிராது, ஆனால் தேர்தலில் வாக்காளரிடம் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அழகான பதில்தான். ஆனால் அந்தப் பதிலும் மலையேறும்போது மூச்சு வாங்குகிறது. தமிழ்நாட்டுச் சட்டசபையின் 234 இடங்களில் பழங்குடியினருக்கு ஒதுக்கியவை இரண்டு. ஒன்று ஏற்காடு, மற்றொன்று சேந்தமங்கலம். இரண்டுமே ஜவ்வாது மலையில் இல்லை. மூன்று மாவட்டங்களில் சிதறிக் கிடக்கும் மலைக் கிராமத்து ஓட்டு, கீழ்நாட்டு ஓட்டுக் கடலில் கரைத்த பெருங்காயம். பழங்குடிப் பகுதிகளுக்குத் தனிப் பாதுகாப்பு தருகிற ஐந்தாவது அட்டவணை என்று ஒன்று இருக்கிறதே என்றால், அதன்படி அறிவிக்கப்பட்ட பகுதி தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை.

கோர்ட்டுகள் முகவுரையை எப்படிப் பார்த்தன என்பது தனிக் கதை. அமெரிக்கச் சட்டத்தின் முகவுரையிலும் பொதுநலனை வளர்ப்பது ஒரு நோக்கம். 1905-ல் மாஸசூஸெட்ஸில் ஒரு பாதிரியார் அம்மைப் பால் வைத்துக்கொள்ள மறுத்து, 5 டாலர் அபராதத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார். முகவுரையைத் துணைக்கு அழைத்தார். முகவுரை நோக்கத்தைச் சொல்லுமே தவிர, அதுவே அதிகாரமோ உரிமையோ கொடுத்துவிடாது என்று நீதிபதிகள் சொல்லி, அபராதத்தை உறுதி செய்தார்கள். நம்முடைய சுப்ரீம் கோர்ட்டும் 1960-ல் பெருபாரி விவகாரத்தில், முகவுரை அரசியல் சட்டத்தின் பகுதியே அல்ல என்றது. 1973-ல் கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் உட்கார்ந்து அதை மாற்றினார்கள். முகவுரையும் சட்டத்தின் பகுதியே. மற்றவற்றை அதன் வெளிச்சத்தில்தான் படிக்க வேண்டும் என்று ஆயிற்று.

அந்த வெளிச்சத்தில்தான் 1996-ஆம் வருஷத் தீர்ப்பு ஒன்று பிறந்தது. 1992 ஜூலையில் மேற்கு வங்காளத்தில் விவசாயத் தொழிலாளி ஒருவர் ரயிலிலிருந்து விழுந்து தலையில் பலத்த அடிபட்டார். ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்று, அங்கிருந்து மற்றொன்று என்று அலைந்தார்கள். எங்கும் இடமில்லை, அல்லது வசதியில்லை. கடைசியில் தனியார் ஆஸ்பத்திரியில் பணம் கொடுத்து வைத்தியம் செய்துகொண்டார். உயிர் வாழும் உரிமை என்ற 21-வது ஷரத்தோடு மக்கள் நல அரசு என்ற நோக்கத்தையும் சேர்த்துப் படித்து, போதிய வைத்திய வசதி தருவது அரசின் கடமை, கையில் பணமில்லை என்று தப்பித்துக்கொள்ள முடியாது என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. 25,000 ரூபாய் நஷ்டஈடும் கொடுக்கச் சொன்னது. மெய்க்கீர்த்தி அன்றைக்குக் கட்டளையாயிற்று.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் நியாயமாகக் கேட்க வேண்டும். தேசத்தின் பணம் கிணற்று நீர் மாதிரி. ஒரு வயலுக்குத் திருப்பினால் இன்னொரு வயல் காயும். எந்த வயலுக்கு என்று சொல்ல வேண்டியவர்கள் மந்திரிகளும் சட்டசபையும், நீதிபதிகள் அல்ல. சுப்ரீம் கோர்ட்டே 1998-ல் பஞ்சாப் வழக்கு ஒன்றில், எந்த அரசாங்கத்துக்கும் வசதிக்கு ஓர் எல்லை உண்டு என்று ஒப்புக்கொண்டது. தென்னாப்பிரிக்காவின் சட்டம் இன்னும் ஒரு படி மேல். வைத்தியம் பெறும் உரிமையை வாய்விட்டே சொல்லுகிறது, இருக்கும் வசதிக்கு உட்பட்டு என்ற ஒரு வாலோடு. 1997-ல் டர்பனில் 41 வயதுள்ள, வேலையில்லாத நோயாளி ஒருவர், சிறுநீரகம் கெட்டு, இரத்தம் சுத்தி செய்யும் இயந்திரத்தில் தமக்கும் இடம் வேண்டும் என்று வழக்குப் போட்டார். வழக்கின் பெயர் சுப்பிரமணி. கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிய நம் ஜனங்களிடையே வழங்கும் பெயர்தான். இயந்திரங்கள் குறைவு, பிழைக்க அதிக வாய்ப்புள்ளவர்களுக்கே முதலிடம் என்று ஆஸ்பத்திரி வகுத்த விதி நியாயமானதே என்று அரசியல் சட்ட நீதிமன்றம் மறுத்துவிட்டது. தீர்ப்புக்குப் பின் அவர் அதிக நாள் இருக்கவில்லை. உரிமை என்று எழுதிவிட்டால் மட்டும் இயந்திரம் முளைத்துவிடாது என்பதற்கு இதைவிடக் கசப்பான பாடம் வேண்டியதில்லை.

இந்த வாதத்துக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் அல்லேரிக்கு இது பொருந்துகிறதா? அங்கே கேட்டது அரிய இயந்திரமும் அல்ல, புதிய மருந்தும் அல்ல. கீழ்நாட்டில் எல்லோருக்கும் கிடைக்கிற சாதாரண ஊசியைத்தான். தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் 99-க்கு மேல் ஆஸ்பத்திரியில் நடக்கின்றன என்று 2019-21 குடும்ப நல ஆய்வு சொல்லுகிறது. பெருமைப்பட வேண்டிய காரியம். 1939-லேயே பொதுச் சுகாதாரத்துக்குத் தனிச் சட்டம் கொண்டுவந்த ராஜதானி இது. ஆனால் இவ்வளவையும் செய்து முடித்த அரசாங்கம், மீதியுள்ள அந்த ஒருவரைப் பார்த்து வசதியில்லை என்று சொல்லும்போது, அந்தப் பேச்சு எடுபடுவதில்லை. எல்லோருக்கும் இல்லாத ஒன்றை ஒருவனுக்கு மறுப்பது வறுமை. எல்லோருக்கும் கொடுத்துவிட்டு ஒருவனுக்கு மறுப்பது முகவுரையில் சொன்ன சமத்துவத்தை முறிப்பது.

ஆகையால் என் விடை இது. எத்தனை ஆஸ்பத்திரி, எவ்வளவு பணம் என்று முகவுரை சொல்லாது. ஆனால் வரிசையைச் சொல்லுகிறது. நீதி, சமத்துவம் என்ற வார்த்தைகளுக்குப் பொருள் உண்டென்றால், அடுத்த ரூபாய் கடைசியில் நிற்கிறவனுக்குத்தான் போகவேண்டும். முகவுரையில் உள்ள கட்டளை அவ்வளவுதான். அவ்வளவே போதும்.

அந்தக் கட்டளையைக் கோர்ட்டு தனியே நிறைவேற்ற முடியாது. 1996-ஆம் வருஷத் தீர்ப்பு, ஆஸ்பத்திரி வாசல் வரை வந்துவிட்டவனைக் காப்பாற்றும். வாசலுக்கு வர முடியாதவனுக்கு அது எட்டாது. ஹிமாசலப் பிரதேசத்து மலை ஜனங்கள் ரோடு வேண்டும் என்று எழுதிய கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்ட வழக்கில், 1986-ல் சுப்ரீம் கோர்ட்டு ஒரு நல்ல காரியம் செய்தது. மலையில் வாழ்கிறவனுக்குப் பாதைதான் உயிர். பாதையை அடைவதும் வாழும் உரிமையில் சேர்ந்ததே என்று சொல்லிற்று. ஜவ்வாது மலைக்கென்றே எழுதிய மாதிரி இருக்கிறது.

பாதைக்குக் குறுக்கே காட்டுச் சட்டம் நிற்கிறது என்பார்கள். 2006-ல் வந்த வன உரிமைச் சட்டம் அதற்கும் வழி வைத்திருக்கிறது. ஒரு ஹெக்டேருக்குக் குறைந்த நிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல், கிராம சபை சிபாரிசு செய்தால், ரோடு, மருந்தகம் போன்ற காரியங்களுக்கு ஒதுக்கலாம். எல்லா இடத்துக்கும் இது போதாது. பல இடத்துக்குப் போதும்.

இன்னொன்று, அளவுகோல். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணைச் சுகாதார நிலையம், மலையில் 3,000 பேருக்கு ஒன்று என்பது அரசாங்கத்தின் கணக்கு. தலையை எண்ணுகிற கணக்கு இது. 3,000 தலைகள் ஒரே தெருவில் இருந்தால் சரி. ஒவ்வொரு சரிவிலும் இருபது வீடு, முப்பது வீடு என்று பிரிந்து கிடந்தால், நிலையம் இருந்தும் இல்லாததுதான். மலைப் பிரதேசங்களில் நடை நேரத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்று பிற்பாடு ஏட்டில் சேர்த்திருக்கிறார்கள். டோலி தூக்குகிறவர்கள் தோளில் வைத்திருக்கும் அளவுகோல் அது. ஏட்டுக்கு வர இத்தனை காலம் ஆயிற்று. ஏட்டிலிருந்து மலைக்கு ஏற எத்தனை காலம் ஆகும் என்பதைக் கேட்க வேண்டியவர்கள், ஓட்டு அதிகமாக வைத்திருக்கிற கீழ்நாட்டார் நாம்தான்.

2023-ல் ராஜஸ்தான் சட்டசபை, வைத்தியத்தை உரிமையாக்கித் தனிச் சட்டமே இயற்றியது. அது எவ்வளவு தூரம் நடக்கும் என்பதை வருங்காலம் சொல்லும். எத்தனை சட்டம் வந்தாலும் மூலப் பத்திரம் ஒன்றுதான். அதில் கையெழுத்துப் போட்டவர்களில் ஜெய்பால் சிங்கும் ஒருவர். வாக்கை நம்புகிறேன் என்று அவர் சொல்லி எழுபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பத்திரத்தை யாரும் ரத்துச் செய்யவில்லை.